எச்சரிக்கை மணியின் இரு கடமைகள்

வெடிமருந்துச் சாலையொன்றைக் காக்கக் காவலாளன் ஒருவனை நியமித்து, இருளில் வழி தெரியும்பொருட்டு அவன் கையிலே தீப்பந்தத்தையும் கொடுத்தனுப்பும் தலைவனைக் கண்டு யாவரும் நகைப்பர். ஆயினும், எரியத்தக்க வாயுக்களும் திரவங்களும் குழாய்வழி ஓடும் ஆலைகளிலே மின்சார எச்சரிக்கைக் கருவியை அமைக்கப் புகுவோர், சிறிது கவனம் தவறுவாராயின், அத்தலைவன் செய்த பிழையையே செய்பவராவர். மின்னோட்டம் செல்லும் கம்பி அறும்போதும், இணைப்பு விலகும்போதும், பொறி தோன்றுதல் இயல்பு. காக்க வைத்த கருவியே கொளுத்தும் கருவியாதல் கூடும்.

இனி, அப்பந்தத்தை நீக்கிவிட்டோம் என்று கொள்வோம். காவலாளன் இருளிலே அமர்ந்தபடியே உறங்கிவிடின் நாம் அதனை எங்ஙனம் அறிவோம்? அவனிடமிருந்து கூக்குரல் எழவில்லை. ஆதலின் சாலையில் யாதொரு தீங்கும் இல்லையென்று நம்பியிருப்போம். விழித்திருப்பவனது அமைதியும் உறங்குபவனது அமைதியும் வெளியே நிற்போர் செவிக்கு ஒன்றேயாம்.

ஆகவே எச்சரிக்கை மணிக்குக் கடமைகள் இரண்டு. தானே தீங்கு விளைவியாதிருத்தல் ஒன்று; தான் செயலற்றபோது அச்செய்தியையும் தெரிவித்தல் மற்றொன்று. ஆலைகளில் வாயு, எண்ணெய் முதலியவற்றின் பாய்ச்சலை அளக்கும் கருவிகளையும், அவற்றோடு பிணைக்கப்படும் துணையுறுப்புக்களையும் எடுத்துக்கொண்டு, இவ்விரு கடமைகளும் நிறைவேறும் வகையை ஈண்டு ஆராயக் கருதுகின்றோம். பௌதிகம் பயிலும் மாணாக்கர் வகுப்பிற் கற்ற இரண்டொரு சூத்திரங்களே இதற்கு அடிப்படையென்பது போகப் போக விளங்கும்.

சுரங்கத்தில் ஒலித்த மணி

நிலக்கரிச் சுரங்கங்களில் மீதேன் என்னும் வாயு பாறைப் பிளவுகளினின்று கசிந்து வரும். காற்றில் நூற்றுக்கு 5 பங்கு முதல் 15 பங்கு வரை அது கலந்திருக்குமாயின், சிறு சுடரும் அதனை வெடிக்கச் செய்யும். 1812 ஆம் ஆண்டு மே மாதம் 25 ஆம் நாள் இங்கிலாந்திலே பெல்லிங் என்னுமிடத்துச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 92 பேர் மாண்டனர். மக்கள் உள்ளத்தை வருத்திய இத்தகைய விபத்துக்களே ஹம்ப்ரி டேவி என்னும் இரசாயன அறிஞரை 1815 இல் காவல் விளக்கொன்றை இயற்றத் தூண்டின. சுடரைச் சுற்றி மெல்லிய கம்பிவலை அமைத்தார். வலை சுடரின் வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளுதலால், தீ வெளியே தாவுவதில்லை. அவ்விளக்கு வெளிச்சம் தந்ததோடு நில்லாது, வாயு மிகுந்தவிடத்துச் சுடர் நீண்டு நீலநிறக் கூம்பு பூணுதலால், அபாயத்தையும் அறிவித்தது. தான் கொளுத்தாமலே அபாயம் கூறும் கருவிகளுக்கு அதனை ஒரு முன்னோடியாகக் கருதலாம்.

பின்னர் மின்சாரம் சுரங்கத்தினுட் புகுந்தது. கரிவண்டிகளை இழுக்கும் பாதைநெடுக இரண்டு வெறுங்கம்பிகளை இணையாகக் கட்டி, பாட்டரியொன்றையும் மணியொன்றையும் அவற்றோடு தொடுத்திருந்தனர். தொழிலாளி எவ்விடத்தினின்றும் ஓர் இரும்புத் துண்டால் அக்கம்பிகளைச் சேர்த்தால், தொலைவிலுள்ள யந்திரசாலையில் மணி ஒலிக்கும். பாட்டரியோ சிறியது, அதனைத் தொட்டவர்க்கு அதிர்ச்சியும் உண்டாகாது. ஆதலின் அது தீங்கற்றதென்றே பலரும் கருதினர்.

1913 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14 ஆம் நாள் வேல்ஸ் நாட்டிலே செங்கனித் என்னும் ஊர்ச் சுரங்கத்தில் பெருவெடிப்பு நிகழ்ந்தது. 439 தொழிலாளரும், அவரை மீட்கச் சென்றோருள் ஒருவரும் உயிர் துறந்தனர். பிரிட்டன் தேசத்துச் சுரங்க விபத்துக்களில் இதனினும் கொடியது பிறிதில்லை. முதற்பொறி எங்கிருந்து எழுந்ததென்பது ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை. எனினும் மணிக்கம்பிகளிற் றோன்றிய பொறியே காரணமாயிருத்தல் கூடும் என்ற ஐயம் வலுத்தது. அவ்வையத்தைத் தீர்க்கும் ஆராய்ச்சிகளை ரிச்சர்டு வெர்னன் வீலர் என்பாரும், நியூகாசிலில் மின்பொறியியற் பேராசிரியராயிருந்த தார்ன்டன் என்பாரும் நடத்தினர். வீலரது அறிக்கை 1915 இல் வெளிவந்தது.

அவர்கள் கண்ட உண்மை மாணாக்கர் உளங்கொள்ளற்குரியது. பாட்டரியின் வலிமையை மட்டும் நோக்கினாற் போதாது. மணியினுள்ளிருக்கும் கம்பிச்சுருளையும் நோக்கவேண்டும். மின்னோட்டம் செல்லுங்கால் அச்சுருளில் காந்தசக்தி தேங்குகின்றது. இணைப்பு அறும் கணத்தில் அச்சக்தி முழுதும் வெளியேற வழி தேடிப் பொறியாய்ப் பாய்கின்றது. சக்தியின் அளவு, மின்தூண்டலை மின்னோட்டத்தின் வர்க்கத்தாற் பெருக்கிப் பாதியாக்கினால் வரும். உதாரணமாக, பத்திலொரு ஹென்றி மின்தூண்டலையுடைய சுருளில் அரை ஆம்பியர் மின்னோட்டம் சென்றதெனக் கொண்டால், தேங்கிய சக்தி 12.5 மில்லிஜூல். மீதேன் கலந்த காற்றைக் கொளுத்தச் சுமார் 0.28 மில்லிஜூலே போதும். தேங்கியதனைத்தும் பொறியாகாது வீணாவது உண்மையே. ஆயினும் நாற்பது மடங்குக்கு மேற்பட்ட அவ்விருப்பில் சிறு பங்கே கேட்டிற்குப் போதுமானதன்றோ?

நோயை அறிந்தபின் மருந்து எளிதாயிற்று. பாட்டரியின் மின்னழுத்தத்தை ஓர் எல்லைக்குட்படுத்தி, மணிச்சுருளோடு இணையாக ஒரு மின்தடையை அமைத்தனர். இணைப்பு அறுபடின், தேங்கிய சக்தி அத்தடைவழியே சுற்றித் தணிந்துபோகும். கம்பி முனையிற் பொறியாய்ப் பாயாது. அச்சிறு துணையுறுப்பு மணியின் ஒலியைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மணியை அபாயமற்றதாக்கிய பெருமை மட்டும் அதனையே சாரும்.

பொறியின் அளவை வரையறுத்தல்

இம்முறையே வளர்ந்து, உள்ளார்ந்த காப்பு என்று நாம் கூறத்தக்க தனித் துறையாயிற்று. எரிவாயு சூழ்ந்தவிடத்து மின்கருவியை வைப்பதற்கு வேறு வழிகளும் உள. கனத்த இரும்புப் பெட்டியிற் கருவியை அடைத்து, உள்ளே வெடிப்பு நேரினும் தீ வெளிப்படாதவாறு செய்தல் அவற்றுள் ஒன்று. அது சிறையமைத்துத் தீயை அடக்கும் வழி. உள்ளார்ந்த காப்போ, தீ பிறப்பதற்குரிய சக்தியையே அளியாதிருக்கும் வழி. கம்பி அறுந்தாலும், இரு கம்பிகள் தம்முள் ஒட்டினாலும், வாயுவைக் கொளுத்தவல்ல பொறியோ வெப்பமோ அங்கே தோன்றாது. ஆதலின் மின்சாரத்தை நிறுத்தாமலே கருவியைத் திறந்து செப்பம் செய்தல் கூடும்.

வாயுக்கள் யாவும் ஒருதன்மையன அல்ல. மீதேனுக்கு 0.28 மில்லிஜூல் வேண்டுமாயின், ஹைடிரஜனுக்குச் சுமார் 0.02 மில்லிஜூல் போதும். இதுபற்றிச் சுரங்க மீதேனை ஒரு தொகுதியாகவும், மற்றை ஆலைகளின் வாயுக்களைப் புரொப்பேன், எத்திலீன், ஹைடிரஜன் என்பவற்றைத் தலைமையாகக் கொண்ட மூன்று பிரிவுகளாகவும் வகுத்துள்ளனர். ஒரு பிரிவிற்கு ஏற்ற கருவி அதனினும் கூரிய பிரிவிற்கு ஏலாது.

இடங்களும் மூவகையாகப் பகுக்கப்படும். எரிவாயு எப்பொழுதும், அல்லது நெடுநேரம், நிறைந்திருக்கும் இடம் முதலாவது. வேலை நடக்குங்கால் இடையிடையே தோன்றக்கூடிய இடம் இரண்டாவது. தோன்றுதல் அரிதாய், தோன்றினும் விரைவில் நீங்கும் இடம் மூன்றாவது. இவற்றிற்கியையக் காப்பின் தரமும் மூன்று. இரண்டு பழுதுகள் ஒருங்கே நேர்ந்தாலும் தீங்கு விளைக்காத கருவி முதல்தரம். ஒரு பழுதைத் தாங்குவது இரண்டாந்தரம். பழுதின்றி இயங்கும்வரை தீங்கற்றது மூன்றாந்தரம். மனிதன் செய்த பொருள் ஒருநாள் பழுதுபடும் என்னும் உண்மையை முன்னரே ஒப்புக்கொண்டு அமைத்த இம்முறை போற்றத்தக்கதென்று யாம் கருதுகின்றோம்.

பாய்வுமானியும் அதன் நாவும்

குழாயில் ஓடும் பொருளின் அளவைக் காட்டும் கருவிகள் பல. அவற்றுள் எளியதொன்றை எடுத்துக்கொள்வோம். மேல்நோக்கிச் சிறிது சிறிதாக விரியும் குழாயொன்றில் மிதப்பு ஒன்று இருக்கும். கீழிருந்து வரும் வாயு அதனை உயர்த்தும். உயர உயர, சுற்றிலும் வழி அகலும். மிதப்பின் எடையும் வாயுவின் உந்துதலும் சமமாகும் இடத்தில் அது நிலைபெறும். அந்நிலையே பாய்ச்சலின் அளவு. 1908 ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள ஆகன் நகரத்துக் கார்ல் கூப்பர்ஸ் என்பார் சுழலும் மிதப்பையுடைய இவ்வகைக் கருவியை இயற்றினார். ரோட்டாமீட்டர் என்னும் பெயர் அச்சுழற்சியால் வந்தது. இக்காலத்தில் உயர்ந்த அழுத்தமுள்ள குழாய்களுக்கு உலோகத்தால் இதனைச் செய்கின்றனர். மிதப்பினுள் வைத்த காந்தம், வெளியிலுள்ள முள்ளை இழுத்து அளவைக் காட்டும்.

இதுகாறும் கூறியவற்றில் மின்சாரம் இல்லை. கருவி குற்றமற்றது, ஆனால் ஊமை. அருகே சென்று பார்ப்பவனுக்கன்றிப் பிறர்க்கு அது யாதும் கூறாது. கரைப்பான் திரவம் நிறைந்த ஒரு தொட்டியை நினைத்துக்கொள்க. காற்று உட்புகாதபடி அதன் மேற்புறத்தில் நைட்ரஜன் இடைவிடாது செலுத்தப்படுகின்றது. நள்ளிரவில் நைட்ரஜன் நின்றுவிடின், பாய்வுமானியின் முள் உண்மையாகவே கீழே இறங்கும்; ஆனால் அதனைக் காண அங்கே எவருமிரார். தொட்டியினுள் காற்று சென்று திரவத்தின் ஆவியோடு கலந்து, பொறியொன்றை எதிர்நோக்கி நிற்கும். ஆகவே ஊமைக்கு நா வேண்டும். அந்நாவே எச்சரிக்கை வெளியீடு எனப்படும் துணையுறுப்பு. அபாயமும் அதனோடேதான் நுழைகின்றது.

இந்நா மூவகைப்படும். காந்தம் அணுகியபோது கண்ணாடிச் சிமிழுள் இரு மெல்லிய தகடுகள் ஒட்டும் ரீட் ஸ்விச் ஒன்று. முள்ளோடு பிணைந்த சிறு உலோகத் தகடு ஒரு பிளவினுட் புகுந்தவுடன் தன்னூடு செல்லும் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும் சென்சர் மற்றொன்று. இதிலே தொடுவதும் விலகுவதும் இல்லையாதலின் தேய்மானமும் இல்லை. பாய்ச்சலின் அளவுக்கேற்ப 4 மில்லியாம்பியர் முதல் 20 மில்லியாம்பியர் வரை மின்னோட்டத்தை அனுப்பும் சாதனம் மூன்றாவது. முதலிரண்டும் ஆம், அன்று என்ற இரு சொற்களையே கூறும். மூன்றாவது அளவையும் கூறும்.

இடையில் நிற்கும் தடுப்பு

ரீட் ஸ்விச்சினுள் மின்சாரத்தைத் தேக்கும் உறுப்பு யாதும் இல்லை. 1.5 வோல்ட்டு, 100 மில்லியாம்பியர், 25 மில்லிவாட்டு என்னும் எல்லைகளுக்கு மேற்பட்டு மின்சக்தியைத் தானாகப் பிறப்பியாத இத்தகையவற்றை எளிய கருவிகள் என்று விதிநூல்கள் வகுக்கும். ஆனால் அதனை எளியதென்று நம்பி, 230 வோல்ட்டு ரிலேயோடு நேரே இணைப்பவன் மாளிகைக்குத் தீயிடுபவனாவான். ஸ்விச்சு எளியதாயினும், கம்பியின் மறுமுனையில் நிற்பது எளியதன்று.

ஆதலின் அபாயமற்ற அறைக்கும் அபாயமுள்ள இடத்திற்கும் இடையே பாரியர் என்னும் தடுப்பை வைப்பர். அதனுள் இருப்பன மூன்றே. ஒரு பியூஸ், மின்னழுத்தம் எல்லை கடந்தால் அதனை நிலத்திற்கு வழிவிடும் ஸீனர் டயோடுகள், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் மின்தடை. அறையின் பக்கத்தில் ஏதோ ஒரு பழுதால் 230 வோல்ட்டும் வந்து மோதினும், டயோடுகள் அதனை நிலத்திற் செலுத்தும். பியூஸ் உருகித் தொடர்பை அறுக்கும். ஒரு டயோடு கெடினும் மற்றொன்று காக்கும்பொருட்டு அவற்றை ஒன்றுக்கு மேற்பட அமைப்பர்.

வழக்கிலுள்ள ஓர் அளவைக் காண்போம். தடுப்பின் மின்னழுத்த எல்லை 28 வோல்ட்டு. மின்தடை 300 ஓம். கம்பிகள் ஒட்டிக்கொண்டால் செல்லக்கூடிய மின்னோட்டம் 28ஐ 300 ஆல் வகுக்க வரும் 93 மில்லியாம்பியர். வெளியே எடுக்கக்கூடிய அதிகபட்ச மின்திறன், வெளித்தடையும் 300 ஓமாக இருக்கும்பொழுது, சுமார் 0.65 வாட்டு. ஓம் என்பாரது விதியைக் கற்ற மாணாக்கர் எவரும் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.

இத்தடுப்பின் உயிர் அதன் நிலத்தொடர்பிலே உள்ளது. அத்தொடர்பின் தடை 1 ஓமுக்கு மேற்படலாகாது. நிலக்கம்பி துருப்பிடித்துத் தளர்ந்துவிடின், டயோடுகள் வழிவிட இடமின்றித் திகைக்கும். எவரும் நோக்காத மூலையில் ஒரு திருகாணி தளர்வதால் முழு அமைப்பும் பொய்யாகும். இக்குறையை நீக்கவே, இரு பக்கங்களுக்கும் நேரான மின்தொடர்பே இல்லாதபடி, சிறு மின்மாற்றியின் மூலமாகவோ ஒளியின் மூலமாகவோ செய்தியைக் கடத்தும் தனிப்படுத்திகள் இப்பொழுது பெரிதும் வழங்குகின்றன.

துணையுறுப்புக்களின் கணக்கு

இவ்வளவும் செய்தபின் கருவியும் தடுப்பும் சான்றிதழ் பெற்றனவாயிருப்பினும், அவற்றைச் சேர்ப்பதில் பிழை நேரலாம். சேர்க்குமுன் ஒப்பிடவேண்டியன ஐந்து. தடுப்பு தரக்கூடிய மின்னழுத்தம், மின்னோட்டம், மின்திறன் ஆகிய மூன்றும் கருவி தாங்கக்கூடியவற்றிற்கு மேற்படலாகாது. தடுப்பு அனுமதிக்கும் மின்கொள்ளளவும் மின்தூண்டலுமோ, கருவியினுடையதையும் கம்பியினுடையதையும் கூட்டிய தொகைக்குக் குறையலாகாது.

கம்பியையும் கூட்டவேண்டும் என்பதைப் பலர் மறக்கின்றனர். கம்பி வெறும் வழியன்று. இரு கம்பிகள் அருகருகே ஓடுங்கால் அவை நீண்டதொரு மின்தேக்கியாகின்றன. 28 வோல்ட்டில் ஹைடிரஜன் பிரிவிற்கு அனுமதிக்கப்பட்ட மின்கொள்ளளவு 83 நானோபாரட். தன்மை அறியப்படாத கம்பிக்கு மீட்டர் ஒன்றிற்கு 200 பிகோபாரட் எனக் கொள்ளுதல் வழக்கம். ஆகவே 415 மீட்டர் நீளமே எல்லை. பாய்வுமானியின் சென்சருக்கே 20 நானோபாரட் உண்டெனின், மீதி 63. கம்பியின் எல்லை 315 மீட்டராகக் குறுகும். மின்தூண்டலும் கணிசமாகக் கூடியிருப்பின் இவ்வெல்லை இன்னும் குறையும். ஆலை விரிவடைந்து, அறை தூரமாகி, எவரோ ஒருவர் நூறு மீட்டர் கம்பியை ஒட்டுப்போட்டு நீட்டுவாராயின், காப்பு அழிந்ததை எந்த மணியும் அறிவியாது.

ஏனைய துணையுறுப்புக்களும் இவ்வாறே. காப்புடைய கம்பிகளை மற்றைக் கம்பிகளோடு கலவாது வேறு பிரித்தல் வேண்டும். நிறத்தால் அடையாளம் இடுங்கால் வெளிர்நீலமே அதற்குரிய நிறம். கம்பி சேரும் பெட்டியில் இருவகை முனைகளுக்கிடையே 50 மில்லிமீட்டர் இடைவெளியாவது, இடைச்சுவராவது இருத்தல் வேண்டும். பாய்வுமானியின் மேலிட்ட பிளாஸ்டிக் மூடியை உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும். ஆதலின் ஈரத்துணியால் துடைக்கும்படி அதன்மேல் எழுதியிருப்பது வெற்றுரையன்று. கையிலேந்தும் கருவிகளில் சான்றிதழிற் குறித்த பாட்டரியே இடப்படவேண்டும். அளவு பொருந்துகின்றதென்று கடையில் வாங்கிய வேறொன்றை இடின், கருவி காப்பை இழக்கும். எச்சரிக்கைக் குழலையும் விளக்கையும் தொட்டியின் அருகிலேயே வைக்க விரும்பினால், அவையும் தமக்குரிய தடுப்பின்வழி மின்சாரம் பெறும் காப்புடையனவாதல் வேண்டும்.

மௌனத்தை அறிதல்

இனி இரண்டாங் கடமைக்கு வருவோம். முன்னர்க் கூறிய நைட்ரஜன் பாய்வுமானியில், பாய்ச்சல் குறைந்தவுடன் ஸ்விச்சு ஒட்டி மணியை ஒலிக்கச் செய்யுமாறு அமைத்தோமெனக் கொள்க. இது கேட்பதற்கு இயல்பாகவே தோன்றும். ஆனால் கம்பியை எலி கடித்துவிட்டால்? நைட்ரஜன் நின்று ஸ்விச்சு ஒட்டினாலும் மணி ஒலியாது. அதற்கு மாறாக, நலமாயிருக்கும்பொழுது மின்னோட்டம் செல்லவும், அபாயத்தில் அது நிற்கவும் அமைப்போமாயின், கம்பி அறுதலும், மின்சாரம் நிற்றலும், பியூஸ் உருகுதலும் அபாயக்குறியாகவே தோன்றும். காவலாளன் ஆபத்தில் மட்டும் கூவாமல், ஆபத்தில்லாத வேளையில் இடைவிடாது குரல் கொடுத்துக்கொண்டிருப்பதை இது ஒக்கும். குரல் நின்றதும் நாம் எழுந்து ஓடுவோம்.

ஜெர்மனியில் 1949 இல் தோன்றியதும், இரசாயனத் தொழிலில் அளவுகருவிகளைப் பயன்படுத்துவோர்க்கு உரியதுமாகிய நாமூர் என்னும் சங்கத்தின் பெயரால் வழங்கும் சென்சர் முறை இதனை மேலும் நுட்பமாக்கிற்று. சென்சருக்கு 8.2 வோல்ட்டு, 1000 ஓம் தடையினூடே அளிக்கப்படும். பிளவில் தகடு இல்லாதபோது 2.1 மில்லியாம்பியருக்கு மேலும், தகடு புகுந்தபோது 1.2 மில்லியாம்பியருக்குக் கீழும் மின்னோட்டம் செல்லும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் ஏறத்தாழப் பூச்சியமாகும். கம்பிகள் ஒட்டினால் 8 மில்லியாம்பியர் அளவிற்கு ஏறும். ஆகவே இரண்டே கம்பிகளின்வழி, நலம், அபாயம், கம்பி அறுந்தது, கம்பி ஒட்டியது என்னும் நான்கு செய்திகள் வருகின்றன.

சாதாரண ஸ்விச்சிற்கும் இவ்வாற்றலைத் தரலாம். அதனோடு தொடராகச் சுமார் 1000 ஓம் தடையையும், இணையாகச் சுமார் 10,000 ஓம் தடையையும் வைத்தாற் போதும். ஆனால் அத்தடைகளை ஸ்விச்சின் அருகிலேயே வைத்தல் வேண்டும். வேலை எளிதென்று அறையிலுள்ள முனையில் வைப்போமாயின், தடை தன்னையே காக்கும், கம்பியைக் காவாது.

4 முதல் 20 வரையுள்ள மின்னோட்ட முறையிலும் இதுவே கொள்கை. பூச்சியப் பாய்ச்சலுக்குப் பூச்சிய மின்னோட்டம் என்று வையாமல் 4 என்று வைத்ததனால், ஓட்டமில்லை என்பதும் உயிரில்லை என்பதும் வேறாகின்றன. நாமூர் பரிந்துரையின்படி 3.8 முதல் 20.5 வரை அளவைக் குறிக்கும், 3.6க்குக் குறைந்தாலும் 21க்கு மிகுந்தாலும் கருவியின் பழுதைக் குறிக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாய்ச்சல் எல்லையருகே ஊசலாடுங்கால் மணி விட்டுவிட்டு ஒலிக்கும். பணியாளர் சலித்து அதனை அடக்கிவிடுவர். இதனைத் தவிர்க்கச் சிறிது காலத்தாழ்வும், ஒலிக்கும் எல்லைக்கும் ஓயும் எல்லைக்கும் இடையே சிறு அகலமும் வைத்தல் நன்று. 1994 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24 ஆம் நாள் வேல்ஸ் நாட்டு மில்போர்ட் ஹேவனில் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை வெடித்தது. அதற்கு முந்திய 11 நிமிஷங்களில் பணியாளர் இருவர்முன் 275 எச்சரிக்கைகள் வந்து குவிந்தன. எதனை நோக்குவது, எதனை விடுவது? கூக்குரலின் மிகுதியும் ஒருவகை மௌனமேயாம்.

ஒரு பூட்டின் வரலாறு

இங்கிலாந்திலே ஹெர்ட்போர்ட்ஷயர் மாகாணத்தில் பன்ஸ்பீல்டு என்னும் எண்ணெய்க் கிடங்கு இருந்தது. 2005 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10 ஆம் நாள் மாலை முதல் 912 ஆம் எண்ணுள்ள தொட்டியில் பெட்ரோல் நிரப்பப்பட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை சுமார் 3 மணிக்கு, மட்டத்தைக் காட்டும் கருவி அசையாது நின்றுவிட்டது. பெட்ரோலோ மணிக்குச் சுமார் 550 கனமீட்டர் வீதம் வந்துகொண்டேயிருந்தது. கருவி உயர்வைக் காட்டாமையால், அதனோடு பிணைந்த எச்சரிக்கைகளும் எழவில்லை. அதே கருவி அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதி முதல் 14 முறை இவ்வாறு சிக்கிக்கொண்டது என்பது பின்னர் வெளிவந்தது.

இரண்டரை மணி நேரத்தில் 1300 கனமீட்டருக்கு மேல் உள்ளே வந்துளது. மட்டம் ஓர் அங்குலமும் உயரவில்லை. பாய்ச்சலையும் மட்டத்தையும் அருகருகே வைத்து நோக்கியிருந்தால், சிறு பள்ளி மாணவனும் முரணைக் கண்டிருப்பான். ஆனால் உள்ளே வரும் எண்ணெயைப் பற்றிய செய்தி பணியாளர்க்கு எளிதிற் கிட்டும் வகையில் அமைந்திருக்கவில்லை.

இத்தகைய வேளைக்கென்றே தொட்டியின் உச்சியில், மட்டக்கருவியைச் சாராத தனி ஸ்விச்சு ஒன்று இருந்தது. மட்டம் அதனை எட்டினால் மணி ஒலித்து, வரவும் நின்றிருக்க வேண்டும். அந்த ஸ்விச்சைச் சோதிப்பதற்கு ஒரு நெம்புகோல் உண்டு. சோதனை முடிந்தபின் நெம்புகோலைச் சரியான நிலையில் நிறுத்தி, ஒரு பூட்டால் பிணைக்கவேண்டும். அப்பூட்டு அந்நியர் கைவையாதிருப்பதற்கென்று அங்குள்ளோர் எண்ணினர் போலும். உண்மையில் அது ஸ்விச்சின் உறுப்புக்களில் ஒன்று. அதனாலன்றி நெம்புகோல் செயற்படும் நிலையில் நில்லாது. பூட்டு மாட்டப்படவில்லை. ஸ்விச்சு இருந்தும் இல்லாததாயிற்று.

5 மணி 37 நிமிஷமளவில் பெட்ரோல் வழியத் தொடங்கிற்று. 2,50,000 லிட்டருக்கு மேல் வெளியேறி, ஆவியாகித் தரையெங்கும் பரவிற்று. 6 மணி 1 நிமிஷத்திற்கு வெடித்தது. 20க்கு மேற்பட்ட தொட்டிகள் தீக்கிரையாயின. தீ பல நாள் எரிந்தது. 43 பேர் காயமுற்றனர். ஞாயிற்றுக்கிழமை விடியலாதலின், அடுத்திருந்த தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் ஆட்கள் மிகுதியாக இல்லை; ஓர் உயிரும் போகவில்லை. மறுநாள் அதே வேளையில் நேர்ந்திருப்பின் என்னாகியிருக்கும் என்பதை நினைக்கவும் நெஞ்சம் நடுங்குகின்றது.

செங்கனித்தில் மணிச்சுருளுக்கு இணையாக ஒரு சிறு தடை வேண்டியிருந்தது. பன்ஸ்பீல்டில் ஒரு சிறு பூட்டு வேண்டியிருந்தது. முன்னதில் எச்சரிக்கும் கருவியே பொறியைத் தந்ததோ என்னும் ஐயம். பின்னதில் எச்சரிக்கும் கருவி வாய் திறவாத குற்றம். இரண்டிலும் பெரிய யந்திரங்கள் யாவும் இருந்தன. துணையுறுப்பு என்று ஒதுக்கத்தக்க ஒன்றே இல்லாதிருந்தது.

ஆதலின் இத்துறையிற் புகும் நம் மாணாக்கரும், ஆலைகளில் ஏற்கெனவே பணியாற்றும் பழைய மாணாக்கரும், எச்சரிக்கைக் கருவியொன்றைக் காணுந்தோறும் சில வினாக்களைத் தம்முள் எழுப்புவாராக. இதன் கம்பி அறுந்தால் யாருக்குத் தெரியும்? இதனோடு சேர்த்த ஒவ்வொன்றும் கணக்கிற் சேர்ந்துளதா? இதனைக் கடைசியாக உண்மையான பாய்ச்சலைக் குறைத்துச் சோதித்தது என்று? சோதித்தபின் அதனை முன்னிருந்த நிலையில் வைத்தவர் யார்? பொத்தானை அழுத்தி மணியின் ஒலியைக் கேட்பது மணியைச் சோதித்ததாகுமேயன்றிக் காவலைச் சோதித்ததாகாது.

சுவிசேஷத்திலே கன்னிகைகள் பதின்மர் விளக்கேந்திச் சென்ற உவமையை நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். விளக்கு பதின்மர் கையிலும் இருந்தது. ஐவரை மற்றை ஐவரினின்று பிரித்தது, உடன்கொண்டு சென்ற சிறு எண்ணெய்ப் பாத்திரமே. துணையுறுப்பின் பெருமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?